தொட்டப்பாவின் வாக்குமூலம்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். மற்றவர்கள் சொல்ல முந்தி நானே சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசை முடிந்ததும் எங்கள் கத்தோலிக்கக் கோயில் மண்டபத்தில் கோப்பியும் ரோல்ஸும் வைப்பார்கள். அங்கே ஆண்கள் கூடும் மேசையில் நாட்டு நடப்புக்குத் தீர்ப்புச் சொல்வது அநேகமாக நான்தான். மின்சாரக் கட்டணம், பனி வழிக்காத நகரசபை, தமிழ் கதைக்க மறுக்கும் பிள்ளைகள், எதை எடுத்தாலும் என்னிடம் ஒரு முடிவு தயாராக இருக்கும். கேட்கிறவர்கள் தலையாட்டுவார்கள். ரோல்ஸ் வாய்க்குள் இருக்கும்போது வேறென்ன செய்வது?

கிழமை நாட்களில் ஒஸ்லோவில் ரொம்சோஸ் என்ற பகுதியில் ஒரு பள்ளிக்கூடத்தில் வக்த்மெஸ்டர் வேலை செய்கிறேன். கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை. இடுப்பில் ஒரு பெரிய திறப்புக் கோர்வை தொங்கும். எந்தக் கதவு எப்போது திறக்கும், எப்போது பூட்டும் என்பதெல்லாம் என் பொறுப்பு. ஐந்து நாளும் கதவு பூட்டுகிற மனுசன் ஞாயிற்றுக்கிழமை நாட்டையும் பூட்டப் பார்க்கிறான் என்று என் மனைவி பகிடி பண்ணுவாள்.

நாட்டைப் பூட்டுகிற கதை வந்தது இப்படித்தான். ஒரு வருடம் மாசி மாதத்தில் பாராளுமன்றக் கட்சிகள் சில கூடிப் பேசி, குடிவரவு பற்றி ஒரு இணக்கத்துக்கு வந்தன. இங்கே இதற்கு ‘ஃபோர்லிக்’ என்று பெயர். ஆளுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, ஒருவருக்கும் முழுத் திருப்தி இல்லாமல் கைகொடுத்துக்கொள்வது. ஒரு பக்கம், எல்லையில் சோதனை இறுகும். பொய் சொல்லி வதிவிட அனுமதி எடுத்தவர்களின் பழைய கோப்புகளையும் திறந்து பார்ப்பார்கள். மறு பக்கம், அனுமதி இல்லாமலே பல வருடம் இங்கே இருந்துவிட்ட குடும்பங்களில், இங்கே பிறந்து பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இருந்தால், தாய் தகப்பன் தாங்கள் உண்மையில் யார் என்பதைக் குறித்த தவணைக்குள் சொல்லி நிரூபித்தால், இருக்க விடுவார்கள்.

முதற்பகுதி எனக்கு நன்றாகவே பிடித்தது. இரண்டாம் பகுதி தொண்டையில் சிக்கியது.

என் மகளுக்கு இதில் எல்லாம் தலைகீழ். அவள் இங்கே பிறந்தவள், சட்டம் படித்தவள். ஸ்ட்ரோம்மனில் தனியாக ஒரு வீடு வாடகைக்கு எடுத்து இருக்கிறாள். சனிக்கிழமைகளில் காசு வாங்காமல் சட்ட ஆலோசனை சொல்லும் ஓர் இடத்தில் தொண்டு செய்வாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மருட்டில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவாள். சாப்பிடவா, என்னோடு சண்டை பிடிக்கவா என்று அந்த நாட்களில் சொல்லமுடியாது. கட்சிகள் கைச்சாத்திட்ட அதே காகிதத்தை அவள் கொடுமை என்றாள். நான் கோழைத்தனம் என்றேன். அவளுக்கு அது காணாது. எனக்கு அது கூடிப்போச்சு.

“பொய் சொன்னவைக்குப் பரிசு குடுக்கிற சட்டம் உலகத்திலை எங்கையாவது இருக்கோ?” என்று ஒரு நாள் கேட்டேன்.

“பத்து வயசுப் பிள்ளை என்ன பொய் சொன்னது, அப்பா?”

“பிள்ளை சொல்லேல்லை. தாய் தேப்பன் சொன்னவை.”

பழைய கோப்புகளைக் கிண்டுவதும் சரியா என்று கேட்டாள். அதுதான் அந்தக் காகிதத்தில் இருக்கிற ஒரேயொரு நல்ல விசயம் என்றேன். முப்பது வருடமானாலும் பொய் பொய்தான் என்று மேசையில் தட்டியும் சொன்னேன். மீன் குழம்பு அள்ளிக்கொண்டிருந்த என் மனைவி, அகப்பையை அப்படியே பிடித்தபடி என்னை ஒருக்கால் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்கு விளங்கியது. விளங்காத மாதிரி அப்பளத்தை உடைத்தேன்.

மண்டபத்திலும் அதே கதைதான். நாங்கள் எல்லோரும் யாழ்ப்பாணம், தீவுப்பகுதி, மன்னார் ஆட்கள். அண்மையில் தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒரு கணினிப் பொறியியலாளரும் பூசைக்கு வரத் தொடங்கியிருந்தார். நிறுவனம் விசாவும் வீடும் கொடுத்துக் கூப்பிட்ட பிள்ளை. எங்கள் தமிழ் அவருக்கு முழுதாகப் பிடிபடாது. ஆனாலும் நான் கதைத்தால் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருப்பார். நான் எல்லையைப் பற்றி முழங்கிக்கொண்டிருந்த ஒரு நாள், உண்மையாகவே அறியும் ஆவலில் கேட்டார்:

“நீங்க எந்த விசால வந்தீங்க, அங்கிள்?”

மேசையில் இருந்தவர்கள் என் பக்கம் திரும்பினார்கள். “நாங்கள் விசாவோடை வரேல்லைத் தம்பி, உயிரோடை வந்தனாங்கள்” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவர் பாவம், மன்னிப்புக் கேட்டார். அந்த வெற்றியில் நான் இன்னொரு ரோல்ஸ் எடுத்தேன்.

அந்த ரோல்ஸ் தட்டை நீட்டியது ஒரு பெண். வயது முப்பத்தைந்துக்குக் கொஞ்சம் மேல் இருக்கும். ஒன்பது வருடமாக எங்கள் பூசைக்கு வருகிறவள். வன்னிப் பக்கம் என்றுதான் எல்லோருக்கும் தெரியும். கணவனோடும் மகளோடும் ரொம்சோஸில் இருந்தாள். கோயிலில் எனக்கு நாலு வாங்கு வரிசை பின்னால் இருப்பாள், மண்டபத்தில் எல்லோருடைய கோப்பையையும் கழுவி வைத்துவிட்டுத்தான் போவாள். “அண்ணை, இன்னும் கோப்பி விடவோ?” என்பதற்கு மேல் என்னோடு கதைத்ததில்லை. மகள் என் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு. உடற்பயிற்சிப் பையை உடுப்பு மாற்றும் அறைக்குள் மறந்து விட்டுவிட்டு, “அங்கிள், கார்டெரோப் பூட்டிக் கிடக்கு” என்று கிழமைக்கு இரண்டு தரம் என்னிடம் ஓடி வருகிற சுட்டி.

வைகாசி முடிய, என் மகள் சண்டை பிடிப்பதை நிறுத்திவிட்டாள். மூன்று ஞாயிற்றுக்கிழமை தொடர்ந்து வந்தாள், சாப்பிட்டாள், தாயோடு கதைத்தாள், போனாள். நான் கொழுவிப் பார்த்தேன். “ம்” என்றாள். சரி, நியாயத்துக்கு முன்னால் பிள்ளை வாயடைத்துப் போச்சு என்று நினைத்துக்கொண்டேன். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமை வேறு.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து நான் சால்வையை மாட்டிக்கொண்டு வெளிக்கிடும்போது அந்தப் பெண் என்னை மண்டபத்து மூலைக்குக் கூப்பிட்டாள். கையில் ஒரு காகிதம். மடிப்பு விரித்து நீட்டினாள். எங்கள் தீவுக் கோயிலின் முத்திரை குத்திய ஞானஸ்நானப் பத்திரம். அது அவளுடையதாம், ஆனால் அதில் இருந்த பெயர் நாங்கள் அவளுக்கு அறிந்து வைத்திருந்த பெயர் இல்லை. தகப்பன் பெயரைத் திரும்பவும் வாசித்தேன். என்னோடு ஒரே வகுப்பில் படித்த சிநேகிதன். அதற்குக் கீழே ஞானத்தகப்பன் என்ற இடத்தில் என் பெயர்.

ஞானத்தகப்பனை எங்கள் பக்கத்தில் தொட்டப்பா என்போம். பிள்ளையைத் தொட்டு நின்று வேதத்துக்கு வாக்குக் கொடுக்கிறவன். தாய் தகப்பன் இல்லாமல் போனால் அந்தப் பிள்ளைக்கு அவன்தான் என்று பேர். நான் நின்றேன், சில மாதத்தில் நாட்டை விட்டு வந்தேன், வடக்கே மீன் தொழிற்சாலையில் குளிருக்குள் கைவிறைக்க வேலை செய்தேன், பிறகு ஒஸ்லோ, கலியாணம், பிள்ளை. சிநேகிதனின் குடும்பம் இடம்பெயர்ந்ததும் தொடர்பு அறுந்தது. நான் தேடவுமில்லை. ஒரு கடிதம், மார்கழியில் ஒரு நத்தார் வாழ்த்து, ஒன்றும் போடவில்லை. அந்தப் பிள்ளை ஒன்பது வருடமாக எனக்கு நாலு வாங்கு பின்னால் இருந்திருக்கிறது.

அவள் மெல்லிய குரலில் சொன்னாள். இங்கே வரும்போது ஆள் கொண்டுவந்து விட்டவன், மச்சாளின் பெயரையும் வயதையும் சொல்லச் சொன்னானாம். போர் நடந்த வன்னி என்று சொன்னால்தான் எடுபடும் என்றானாம். அது எடுபடவில்லை. மறுத்தார்கள், மேல்முறையீட்டிலும் மறுத்தார்கள். போகப் பயந்து இருந்துவிட்டார்கள். இப்போது இந்த ஃபோர்லிக் வந்தபடியால் உள்ளதை உள்ளபடி சொல்லி விண்ணப்பம் போட்டிருக்கிறாள். ஆனால் முதலில் பொய் சொன்னவள் கொண்டுவரும் ஒரு காகிதத்தை மட்டும் வைத்து நம்பமாட்டோம், குடும்பத்தை நேரில் அறிந்த ஒருவர் வந்து சொல்லவேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். தகப்பன் போரில் இல்லாமல் போனார். தாய் போன வருடம் இறந்துவிட்டா. ஞானத்தாயும் இல்லை, தண்ணீர் ஊற்றிய பாதிரியாரும் இல்லை. ஆடி மாதக் கடைசியில் தவணை முடிகிறது.

“நீங்கள் ஒருத்தர்தான் அண்ணை மிச்சம்” என்றாள்.

எனக்கு எல்லாம் நினைவிருந்தது. எந்தப் பக்கத்துக் கதவால் கோயிலுக்குள் போனோம் என்பதுகூட நினைவிருந்தது. ஆனால் என் கண் பத்திரத்தில் இருந்த திகதியில் நின்றது.

இதை எப்படிச் சொல்வது? சொல்லத்தான் வேண்டும். நான் இங்கே வந்து தஞ்சம் கேட்டபோது, இராணுவம் பிடித்து நாலு மாதம் மறியலில், அதாவது சிறையில், வைத்தது என்று சொன்னேன். பிடித்தது உண்மை. அடித்தது உண்மை. ஆனால் வைத்திருந்தது இரண்டு நாள். கொழும்பில் என் பயண ஒழுங்குகளைச் செய்தவர், இரண்டு நாள் காணாது, நாலு மாதம் என்று சொல்லு என்றார். சொன்னேன். என் கோப்பின்படி, அந்த ஞானஸ்நானம் நடந்த நாளில் நான் கொழும்பு மறியலில் இருக்கிறேன். அந்த நாலு மாதக் கதையால்தான் எனக்கு வதிவிட அனுமதி வந்தது, பிறகு கடவுச்சீட்டு வந்தது. இது தெரிந்த ஒரே ஆள் என் மனைவி.

“எனக்கு நினைவில்லையே, பிள்ளை” என்றேன்.

அவள் காகிதத்தை அதே மடிப்பில் மடித்தாள். “பரவாயில்லை அண்ணை, கனகாலம்தானே” என்று சொல்லிவிட்டுக் கோப்பை கழுவப் போனாள். அவள் ஏதாவது ஏசியிருந்தால் எனக்கு வீட்டுக்குப் போய்ச் சேர்வது சுகமாக இருந்திருக்கும்.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். அவள் திட்டவில்லை. “அண்டைக்கு மேசையிலை தட்டினீங்களே, அப்பவே நினைச்சன், இது ஒரு நாள் திரும்பி வருமெண்டு” என்றாள். பிறகு மகள் வந்து சாப்பிட்டாள். அன்றும் ஒன்றும் கதைக்கவில்லை. என் முகத்தை இரண்டு தரம் பார்த்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பெண் சனிக்கிழமை ஆலோசனைக்குப் போயிருப்பாள், அவளுடைய பத்திரத்தை முதலில் விரித்துப் பார்த்தவள் என் மகளாகத்தான் இருக்கவேண்டும். அப்பாவின் பெயரை அதில் கண்டுவிட்டு, தொழில் இரகசியத்தை வெளியில் சொல்லக்கூடாது என்ற சட்டத்துக்காக, மூன்று கிழமை பல்லைக் கடித்துக்கொண்டு என் எதிரே இருந்து சோறு சாப்பிட்டிருக்கிறாள். நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தேனே, அந்த மூன்று கிழமை. நான் கேட்டிருந்தாலும் சொல்லியிருக்கமாட்டாள். கேட்க எனக்கு முகமும் இல்லை.

அந்தக் கிழமைதான் பள்ளிக்கூடம் கோடை விடுமுறைக்கு மூடுகிற கிழமை. கட்டடத்துக்குப் பின்னால் பிள்ளைகளுக்கு ஒரு தோட்டம் இருக்கிறது. வைகாசியில் ஐந்தாம் வகுப்பு உருளைக்கிழங்கு நடும், விடுமுறை முடிந்து வந்து புரட்டாசியில் கிண்டி எடுக்கும். விடுமுறையில் தண்ணீர் விடுவது நான். வியாழக்கிழமை குழாயைப் பூட்டிக்கொண்டிருக்கும்போது அந்தப் பெண்ணின் சின்னவள் வந்து நின்றாள். உடற்பயிற்சிப் பையா என்று கேட்டேன். இல்லையாம். என்னைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு வரிசையைக் காட்டினாள். ஒரு தடியில் சிவப்பு நூல் கட்டி நட்டிருந்தாள்.

“மூண்டாவது வரிசை என்ரை, அங்கிள். ஹொஸ்ட்டுக்கு நான் இல்லாட்டி நீங்கள் கிண்டி எடுங்கோ. விட்டால் அழுகிப்போயிடும்.”

ஹொஸ்ட் என்றால் இலையுதிர் காலம். ஏன் இல்லாமல் போவாய் என்று கேட்டேன். அம்மாவுக்கே தெரியாதாம் என்று சொல்லிவிட்டு, தண்ணீர் காலையில் விடவேண்டுமா பின்னேரம் விடவேண்டுமா என்று எனக்குப் பாடம் எடுத்தாள். மத்தியான வெயிலில் விடக்கூடாதாம். அழுதுகொண்டு கேட்டிருந்தால் ஏதாவது ஆறுதல் சொல்லியிருப்பேன். அந்தப் பிள்ளை கிழங்கைப் பற்றித்தான் கவலைப்பட்டது. சரி என்று தலையாட்டினேன். பிறகு மண்வெட்டி, குழாய் வைக்கிற அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். இதில் மறைக்க என்ன இருக்கிறது? பத்து வயதுப் பிள்ளை என்ன பொய் சொன்னது என்று என் மகள் கேட்டதற்கு அன்றைக்கு என்னிடம் பதில் இருந்தது. இப்போது இல்லை.

அன்று பின்னேரமே அந்தப் பெண்ணுக்குத் தொலைபேசி எடுத்தேன். நினைவு வந்துவிட்டது, வந்து சொல்கிறேன் என்றேன். எப்போது வரமுடியும் என்று கேட்டு எழுதிக்கொண்டாள். பிறகு “நன்றி அண்ணை” என்றாள். அண்ணை என்ற சொல் எனக்குக் குத்தியது. ஆனால் வேறு எப்படிக் கூப்பிடு என்று நான் கேட்கமுடியும்?

ஞாயிற்றுக்கிழமை மகளிடம் நாலு மாதத்தின் கதையை முழுதாகச் சொன்னேன். அவள் கரண்டியை வைத்துவிட்டுச் சட்டம் படித்த முகத்தோடு கேட்டாள்.

“பழைய கோப்புகளைத் திறக்கிற பிரிவு உங்களுக்கும் பொருந்தும், அப்பா. உங்கடை குடியுரிமையிலை கைவைக்கலாம். விளங்குதோ?”

“விளங்குது. அதை நல்லது எண்டு சொன்னதே நான்தானே.”

அந்த இடத்தில் அவள் எதையும் சொல்லியிருக்கலாம். மாசியிலிருந்து நான் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் எடுத்து என் தலையில் போட்டிருக்கலாம். எனக்கு அந்தச் சந்தர்ப்பம் கிடைத்திருந்தால் நான் விட்டிருக்கமாட்டேன். அவள் எழும்பி வந்து என் சோற்றுக் கோப்பையில் மீன் தலையைப் போட்டாள். எங்கள் வீட்டில் மீன் தலைக்கு எனக்கும் அவளுக்கும் எப்போதும் போட்டி. என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த மன்னிப்புகளில் அதைவிடச் சுவையானது வேறில்லை.

அந்தக் குடும்பத்தின் வழக்கை அவள் பார்ப்பதால் என்னோடு குடிவரவு அலுவலகத்துக்கு வரமுடியாதாம். மனைவி வந்தாள், பிளாஸ்கில் தேத்தண்ணியோடு, ஆசுபத்திரிக்கு ஆளைக் கூட்டிப்போகிற மாதிரி. வாக்குமூலம் எடுத்த அதிகாரி என் மகளின் வயதுப் பெண். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். என் நொர்ஸ்க், இந்த நாட்டு மொழி, மீன் தொழிற்சாலையில் படித்தது. வடக்குக் கரைப் பேச்சு. ஒஸ்லோக்காரர் அதைக் கேட்டால் சிரிப்பை அடக்குவார்கள். அவளும் அடக்கினாள். எனக்குப் பயம் கொஞ்சம் குறைந்தது.

ஞானஸ்நானத்தைப் பற்றி நினைவிருப்பதைச் சொல்லச் சொன்னாள். சொன்னேன். எங்கள் முறையில் ஞானத்தகப்பன்தான் பிள்ளைக்காகப் பீடத்திலிருந்து மெழுகுதிரியைக் கொளுத்திப் பிடிக்கவேண்டும். எனக்கு நல்ல உடுப்பு இல்லாததால் பிள்ளையின் தகப்பன் தன்னுடைய வெள்ளைச் சேட்டைத் தந்திருந்தான். தலையில் தண்ணீர் பட்டதும் பிள்ளை வீரிட்டு உதைத்தது. கால் என் கையில் பட்டு, திரி சரிந்து, சேட்டுக் கையில் ஒரு சதக் காசு அளவுக்கு ஓட்டை. கலியாணத்துக்குத் தைத்த சேட்டடா என்று அவன் பூசை முடியும்வரை காதுக்குள் புறுபுறுத்தான். நான் இதைச் சொல்லிக்கொண்டு போக, அதிகாரி தட்டச்சை நிறுத்தி, முன்னால் இருந்த கோப்பில் எதையோ தேடி வாசித்தாள். ஏன் என்று எனக்கு அப்போது தெரியாது.

ஞானஸ்நானம் நடந்த அன்றைக்கு நான் மறியலில் இருந்ததாக முன்பு சொன்னது பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. என் கோப்பு அவளுக்கு முன்னால் இல்லை. எழும்பி வந்திருக்கலாம். ஆனால் நாளைக்கு யாராவது இரண்டு கோப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பொய்க்காரன் சொன்ன சாட்சி என்று அந்தப் பிள்ளையின் காரியம் கெட்டுப்போகும். அதனால் அதையும் சொன்னேன். இரண்டு நாள், நாலு மாதம், சொல்லித் தந்தவர், எல்லாம். இதை நான் பதிவு செய்யவேண்டி வரும் என்றாள். எழுதுங்கோ என்றேன். எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினாள். கையெழுத்துப் போட்டேன். வெளியே வந்து மனைவி ஊற்றித் தந்த தேத்தண்ணியை முழுதாகக் குடித்தேன்.

அந்தக் கோடை முழுவதும் மூன்றாவது வரிசைக்குக் காலையில் தண்ணீர் விட்டேன். புரட்டாசியில் முடிவு வரவில்லை. ஆனால் போகச் சொல்லியும் வரவில்லை. சின்னவள் தன் கிழங்கைத் தானே கிண்டினாள். ஒரு கடதாசிப் பை நிறைய என்னிடம் தந்து, தண்ணீர் விட்டதற்கு என்றாள். அதை மனைவி பிரட்டல் கறி வைத்தாள்.

மார்கழியில் இரண்டு கடிதம். அவர்களுக்கு வந்தது அனுமதி. என் மகள் பிறகுதான் எனக்கு விளக்கினாள், அந்தப் பெண் சம்மதித்த பிறகு: தன்னுடைய தாய் வாழ்நாள் முழுக்கச் சொல்லிச் சிரித்த கதை என்று, சேட்டில் விழுந்த ஓட்டையை அந்தப் பெண்ணும் தன் விசாரணையில் சொல்லியிருக்கிறாள். நான் சொன்னதும் அதுவும் சேட்டின் கைவரைக்கும் பொருந்திவிட்டது. சிநேகிதா, உன் சேட்டு உன் பேத்தியைக் காப்பாற்றியது.

எனக்கு வந்தது விளக்கம் கேட்டு. என் குடியுரிமையைத் திரும்ப எடுப்பதா என்று பரிசீலிக்கிறோம் என்று. மூன்று மாதம் பயந்து பயந்து தபால் பெட்டியைத் திறந்தேன். மண்டபத்தில் கோப்பை கழுவியவள் ஒன்பது வருடம் இப்படித்தானே இருந்தாள் என்று நினைத்தால், நான் முழங்கிய ஞாயிற்றுக்கிழமைகள் ஒவ்வொன்றும் நினைவில் வந்து அறையும். பதிலை மகளும் நானும் இருந்து எழுதினோம். பங்குனியில் முடிவு வந்தது. இரண்டு நாளாக இருந்திருந்தாலும், அந்த நேரத்து நிலைமைக்கு எனக்குத் தஞ்சம் கிடைத்தே இருக்கும், வழக்கு மூடப்படுகிறது. படிக்கட்டில் இருந்து மூன்று தரம் வாசித்தேன். யார் எழுதினாரோ, அவருக்கு என் நன்றி. இந்த நாடு என்னை இரண்டு தரம் எடுத்திருக்கிறது, இரண்டாம் தரம் முழு உண்மையும் தெரிந்துகொண்டு.

நான் திருந்திவிட்டேன் என்று யாரும் நினைக்கவேண்டாம். எல்லைக்குக் கதவும் பூட்டும் வேண்டும் என்று இப்பவும் சொல்கிறேன். மகள் இப்பவும் என்னோடு கொழுவுகிறாள். ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். நான் சொன்னபடி நடந்திருந்தால் அந்தப் பிள்ளை போயிருக்கும். மகள் சொன்னபடிதான் வேண்டும் என்று நின்றிருந்தால் அந்தக் கட்சிகள் மேசையை விட்டு எழும்பியிருக்கும். அப்போதும் பிள்ளை போயிருக்கும். நாங்கள் இரண்டு பேரும் திட்டிய அந்த அரைகுறைக் காகிதம்தான் அவளைப் பிடித்து வைத்தது. இதைச் சொன்னபோது மகள், உங்களுக்குக் காய்ச்சலா என்று நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள்.

பங்குனிக் கடிதம் வந்த பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை, மண்டபத்தில் எல்லோரும் போனபின் அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் நின்று கோப்பை துடைத்தேன். அவள் வேண்டாம் அண்ணை என்றாள். நான் விடவில்லை. என் கோப்பின் கதை அவளுக்குத் தெரியாது. வேறு ஒருவருடைய விசயம் என்று மகளும் வாய் திறந்திருக்கமாட்டாள். கனநாளாக மனதில் கிடந்ததைக் கேட்டேன். ஒன்பது வருடமும் தெரிந்துகொண்டே எனக்குப் பின்னால் இருந்தாயே, தனியாகக் கூப்பிட்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கக்கூடாதா? நான் காட்டிக்கொடுத்துவிடுவேன் என்று பயமா?

“அந்தப் பயம் இல்லை அண்ணை” என்றாள். கை சோப்பு நுரைக்குள் நின்றது. “அம்மா எப்பவும் சொல்லுறவ, உன்ரை தொட்டப்பா சரியான கோவக்காரன், ஆனால் வாயிலை பொய் வராத மனுசன் எண்டு. நான் பொய்ப் பெயரோடை வந்து நிண்டுகொண்டு, எந்த முகத்தோடை உங்களிட்டைச் சொல்லுறது?”

எனக்குப் பேச்சு வரவில்லை. என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விசயம் என்று விளங்கும். பிறகு சொன்னேன். மறியல் நாலு மாதம் இல்லை, பிள்ளை, இரண்டு நாள்தான், கொழும்பில் ஒருவர் சொல்லித் தந்தார் என்று, அந்தச் சின்ன சமையலறையில், ஈரக் கோப்பையைப் பிடித்தபடி. உன்னை எனக்கு நினைவில்லை என்று சொன்னதும் அதற்காகத்தான் என்றேன். அதுவும் பொய் என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். கண் கலங்கியது, ஆனால் வாய் சிரிக்கத் தொடங்கியது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. நுரைக் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“நீங்களுமோ, தொட்டப்பா?” என்றாள்.

கையில் இருந்த கோப்பை ஏற்கெனவே காய்ந்திருந்தது. நான் அதை இன்னொரு தரம் துடைத்தேன்.